மாமாவின் பாட்டில்லாத ரெக்கார்டுகள்

கல்ஃபிலிருந்து வருகிறவர் பெட்டியைத் திறக்கும்போது சொந்தபந்தம் முழுக்கச் சுற்றி உட்கார்ந்திருப்பது எங்கள் தேங்காப்பட்டணத்தில் வழக்கம். உம்மாவின் தம்பியான என் மாமா வந்தபோது முதல் பெட்டியில் சென்ட், கம்பளி, பால்பொடி என்று எல்லாம் ஒழுங்காக இருந்தன. இரண்டாவது பெட்டி முழுக்க ரெக்கார்டுகள். உறையில் ஒரு முகம் கிடையாது, வெறும் நிறமும் ஓர் எண்ணும்தான். போட்டால் பாடுவாரும் இல்லை. மின்சார யந்திரங்கள் குமிழியிட்டன, விசிலடித்தன, பெருமூச்சு விட்டன. வந்தவர்கள் சென்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

மாமா அங்கே ஒரு டி.வி. நிலையத்தில் சாமான் தூக்குகிற வேலை பார்த்தவர். செய்திக்கும் விளம்பரத்துக்கும் பின்னால் ஓடவிடுவதற்கென்றே செய்த ரெக்கார்டுகள் அவை; கடைக்கு வராதவை. நிலையம் கழித்துப் போட்டதையெல்லாம் கேட்டு வாங்கிச் சேர்த்திருக்கிறார். ஊருக்கு வந்தும் ஓயவில்லை. நாகர்கோவில் ஆக்கர் கடைகளில் பழைய இரும்புக்கு நடுவே குத்தவைத்துத் தேடினார். “எந்தப் படத்துக்க பாட்டு?” என்று கேட்பவர்களிடம், “எந்தப் படத்துக்கும் இல்ல. எல்லாத்துக்கும் உள்ளது” என்பார். கேட்டவர்கள் உம்மாவைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது மாமாவுக்குக் கல்யாணம். பெண் அதே ஊர், கடற்கரைத் தெரு. அவளுடைய வாப்பா வள்ளம் வைத்து மீன் பிடிப்பவர். அந்த வாரம்தான், டி.வி. நிலையத்தில் கேட்டு மயங்கி வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒரு ரெக்கார்டு மாமாவுக்கு ஆக்கர் கடையில் கிடைத்தது. ஒருமுறையாவது ஊர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வீட்டில்கூடப் போட்டுக் காட்டாமல் ஒளித்துவைத்து, கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை என்ற உரிமையோடு மைக் செட்காரரிடம் கொடுத்தார்.

தென்னையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து மூன்று சுரங்கள் மேலிருந்து கீழே இறங்கின. மறுபடியும் இறங்கின. தெருவில் ஒரு பெண் கூப்பாடு போட்டாள். பிறகு ஆளாளுக்குக் கடற்கரைக்கு ஓட்டம். துண்டை வீசி, கண்ணுக்குத் தெரிந்த வள்ளங்களையெல்லாம் திரும்பக் கூப்பிட்டார்கள். மாமா கல்ஃபில் இருந்த வருடங்களில், கடலுக்குப் போகிறவர்களுக்கான புயல் எச்சரிக்கைக்கு முன்னால் வானொலி போட்டுவந்த இசை அதுதான். அவருக்கு அது எங்கே தெரியும்? வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

உம்மா ஓடிப்போய் முள்ளைத் தூக்கினாள். அதற்குள் பெண்ணின் வாப்பா, புதுச் சட்டை வியர்வையில் ஊற, எங்கள் முற்றத்தில் வந்து நின்றார்.

“எவம்லே இதப் போட்டது? எனக்க மொவன் கடலுக்குப் போயித் திரும்பாத அன்னைக்குக் கேட்ட சத்தம்லே இது! இந்த வீட்டுக்கு எனக்க மொவளத் தரமாட்டேன்.”

பிரியாணி மட்டும் தன்பாட்டுக்கு மணத்துக்கொண்டிருந்தது. சமாதானம் பேசப் போன பெரியவர்கள் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். கடைசியில் பெண்ணே தன் வாப்பாவிடம், அவருக்குத் தெரியாது, நிக்காஹ் நடக்கட்டும் என்று சொல்லிவிட்டாளாம். நடந்தது. மைக் செட் வாய் திறக்காமலே நிக்காஹ் முடிந்த கல்யாணம் எங்கள் தெருவில் அது ஒன்றுதான்.

மாமா பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். சில நாள் கழித்து மாமிதான் கேட்டாள்.

“பாதியில நிறுத்துனியளே, அத எடுத்து முழுசும் போடுங்க. ரேடியோவுல பேச்சு வந்து வெட்டிரும், இதுக்குப் பொறவு உள்ளத ஒருநாளும் கேட்டதில்ல. என்ன வருதுன்னு கேக்கணும்.”

மாமா தயங்கித் தயங்கித்தான் போட்டார். மூன்று சுரங்கள் இறங்கின. வானொலியில் அறிவிப்பாளரின் குரல் வந்து வெட்டுகிற இடத்தை இசை தாண்டிப் போனது. அப்புறம் நீளமாக, தணிவாக ஓர் ஒலி வந்தது, கரை சேர்ந்துவிட்ட தண்ணீர்போல. மாமி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள். நான் பதறிப்போய் முள்ளைத் தூக்கக் கை நீட்டினேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். ரெக்கார்டு முடியும்வரை விடவில்லை.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நேராக அடுக்களைக்குப் போய் உம்மாவிடம் சொன்னேன்: “மாமாவுக்கு மாமிய விட ரெக்கார்டுதான் பெருசு.”

வெகுகாலம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.