ஊட்டிவிட்ட கவளம்

எழுபதுகளின் தொடக்கத்தில் எத்தியோப்பியாவுக்குக் கணக்கு வாத்தியார் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மனைவியை உத்தமபாளையத்தில் அவள் அப்பா வீட்டில் விட்டேன். இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனவன் நாலு வருஷம் கழித்துத்தான் வந்தேன்.

மலைமேல் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்துக்கு அருகில் ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் சாப்பிட உட்காரும்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பேன். நம் ஊரில் அது மரியாதைப் பேச்சு. அங்கே அது முகத்தில் அடித்தது போல என்று தெரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. ஒருநாள் வீட்டுக்காரர் தமக்குத் தெரிந்த இங்கிலீஷில், "எங்கள் சாப்பாட்டில் என்ன குறை?" என்று கேட்டே விட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தேன். தாம்பாளம் அகலத்துக்கு ஒரு புளித்த தோசை, அதன்மேல் குழம்பு, சுற்றிலும் எல்லாருடைய கைகளும். எனக்கெனத் தட்டு எதுவும் இல்லை. அந்த அம்மா ஒரு துண்டைப் பிய்த்து, குழம்பில் சுருட்டி, என் வாயருகே நீட்டினார். விருந்தாளிக்கு அப்படி ஊட்டிவிடுவது அவர்கள் வழக்கம். நினைவு தெரிந்து எனக்கு யாரும் ஊட்டியதில்லை. வெட்கத்தில் வாயைத் திறக்கவே வரவில்லை. அவர் கணவர் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒப்பந்தம் முடிந்ததும் இன்னும் இரண்டு வருஷம் நீட்டித்தேன். சம்பளத்துக்காக என்று வீட்டுக்கு எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகவும்தான் என்பதை எழுதவில்லை.

திரும்பி வந்து உத்தமபாளையத்திலேயே ஒரு பள்ளியில் சேர்ந்து, வாடகைக்கு வீடு பார்த்தோம். மனைவி எனக்குப் பரிமாறிவிட்டு நிலைப்படி ஓரமாக நிற்பாள். நான் கை கழுவிய பிறகு அடுப்படியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். ஆண்கள் சாப்பிட்ட பிறகு பெண்கள் சாப்பிடுவதுதான் எங்கள் வீடுகளில் எல்லாம் வழக்கம். போவதற்கு முன்னால் அது என் கண்ணிலேயே பட்டதில்லை. இப்போது அவள் நிற்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நீயும் உக்காரேன்."

"நீங்க சாப்பிடுங்க. எனக்கென்ன அவசரம்?"

ஒரு மத்தியானம் புளிக்குழம்புச் சோற்றை உருட்டி அவளிடம் நீட்டினேன். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"என்னங்க இது, சாகக் கெடக்கிறவளுக்கு ஊட்டுற மாதிரி?"

எத்தியோப்பிய வழக்கத்தைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"உங்களுக்கு யாரு ஊட்டுனது?"

"வீட்டுக்காரம்மாதான்."

"அவுக வீட்டுக்காரரு எங்கன இருந்தாக?"

"பக்கத்துலயே. சிரிச்சுக்கிட்டு இருந்தாரு."

அவள் என்னையே பார்த்தாள். "பொய் சொல்றதுன்னாலும் நம்புற மாதிரி சொல்லுங்க" என்றுவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு பல மாதங்கள் அந்த ஊரைப் பற்றி நான் பேசவில்லை. பேச ஆளும் இல்லை. பள்ளியில் கேட்பவர்கள் சிங்கம் இருக்குமா, சம்பளம் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள்.

உடன் வேலை பார்த்த ஓவிய ஆசிரியர் ஒருவர், முஸ்லிம், தங்கை கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். உத்தமபாளையத்தில் அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு முன்பும் போயிருக்கிறேன். எங்களைப் போன்ற இந்துக்களுக்கு வேறு இடத்தில் தனியாக இலை போட்டுவிடுவார்கள். அன்று பந்தலில் சஹன் என்கிற பெரிய தாம்பாளத்தைச் சுற்றி நாலு நாலு பேராக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நின்றுவிட்டேன்.

"சார், உங்களுக்கு அங்கன இலை போட்டிருக்கு" என்றார் நண்பர்.

"வேணாம். இங்கனயே உக்காந்துக்கிறேன்."

மூன்று பேர் இருந்த சஹன் ஒன்றில் இடம் விட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார். "கூச்சப்படாமத் தின்னுங்க மாப்ளே." நான் கடல் தாண்டிப் போய்க் கற்றுக்கொண்டது மனைவியின் அப்பா வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்திருக்கிறது.

சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன தெரியாதா? சின்னப்புள்ளையிலருந்து பாக்குறேன். அவுக அப்படியே வளந்தவுக" என்றாள். ஒரு கல்லை எடுத்து எறிந்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க போயிருந்தப்ப, எல்லாரும் தின்ன பெறகுதான் எங்கண்ணி எனக்குப் போடுவாக. புருசன் விட்டுட்டுப் போனவன்னு பேச்சு வேற. யாரு மொகத்தையும் பாக்க வேணாம்னு சுவரப் பாத்துத் தின்னேன். இப்பப் பழகிருச்சு. ஆளு இருந்தா எறங்க மாட்டேங்குது. என்னைய மாத்தாதீக."

நாலு வருஷத்தில் அவள் எழுதிய கடிதங்களில் இது ஒரு வரிகூட இல்லை. எல்லாரும் நலம் என்றே இருந்தது. நானும் அப்படித்தானே எழுதினேன்.

அவள் கையிலிருந்த முறத்தை வாங்கிக் கல் பொறுக்கினேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அதன்பின் நான் வற்புறுத்தியதில்லை. பரிமாறிவிட்டு நிற்க வேண்டாம், போய் உட்கார் என்று மட்டும் சொன்னேன். அதற்கு ஒப்புக்கொண்டாள். ஒரே நேரத்தில் அவள் அடுப்படியிலும் நான் கூடத்திலுமாகச் சாப்பிடுவோம். இடையில் ஒரு சுவர். சில நாட்களில் அங்கிருந்தே, "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்பாள்.