டேங்கரக்காவும் வெள்ளைக் கோடும்

ஓட்டப்பந்தயக்காரர்கள் அவளுக்கு வைத்த பேர் டேங்கரக்கா. அவள் ஒரு நாளும் ஓடினதில்லை. கண்ணெதிரே பஸ் கிளம்பினால்கூட, "போனா போகட்டும், அடுத்தது வராமலா போயிடும்" என்று நிற்கிற ரகம். ஓடுகிறவர் அவள் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். நாள் பூரா ஊராரை மாடிக்கும் தரைக்கும் ஏற்றி இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். நூறு கிலோமீட்டர் பந்தயத்தை ஒரு தடவையாவது ஓடி முடிக்கணும் என்று நாற்பதைத் தாண்டின பிறகு பித்துப் பிடித்தது. பித்துப் பிடித்தது அவருக்கு, மாட்டிக்கொண்டது இவள். ஓடுகிறவனுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே! தண்ணி லாரி மாதிரி கூடவே போவாள், அதனால்தான் டேங்கர்.

அந்த வீட்டுக் குளியலறையில் துணி உலர்த்த இடம் கிடையாது. கொடி முழுக்க, அவர் ஓடும்போது தண்ணீர் உறிஞ்சுகிற குழாய்கள் தொங்கும். ஜன்னல் விளிம்பில் மெத்து மெத்தென்ற பாட்டில்கள் தலைகீழாக நிற்கும். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் அதில் ஒரு புளித்த வாடை போகாது. அவள் துணி ஆல்டர் பண்ணுகிற கடையில் தையல் வேலை பார்க்கிறவள். தண்ணீர் பாட்டிலைச் சுமக்க அவர் மாட்டிக்கொள்கிற கையில்லாத சட்டை, தோளில் உரசிப் புண்ணாக்குகிறது என்றார். அதையும் அவள்தான் பிரித்து, பழைய பனியன் துணியை உள்ளே கொடுத்துத் திருப்பித் தைத்தாள். மார்பில் இரண்டு பக்கமும் பாட்டில் வைக்கப் பை. ஓடிக்கொண்டே தலையைக் குனிந்தால் வாய்க்குள் தண்ணீர் வரும்.

கடையில் கொடுக்கிற லீவெல்லாம் பந்தயத்துக்கே போய்விடும். கடற்கரையோரம் குடியிருக்கிற அக்கா, பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போ என்று கூப்பிடாத மாசமில்லை.

"ஏண்டி, உன் புருஷன் உன்னைக் கட்டியா போட்டிருக்கார்?"

"கட்டிப் போட்டிருந்தா அவுத்துக்கிட்டு வந்திருப்பேனே. பாட்டில் கழுவ விட்டிருக்கார்க்கா."

அக்கா சிரிப்பாள். இவளும் சிரிப்பாள். போனை வைத்த பிறகு சிரிப்பு வராது.

இரண்டு வருஷம் பாதியிலேயே வாந்தி எடுத்து விழுந்தார் மனுஷன். மூன்றாவது தடவை சத்தியமே பண்ணினார். "இந்த வாட்டி முடிச்சிட்டேன்னு வை, ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டுடறேன். நீ உங்க அக்கா வீட்டுக்குப் போ. முடிக்கலைன்னா அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." அதோடு நிறுத்தினாரா? "நீ உப்புப் போட்டுக் கலக்கிற தண்ணிதான் குமட்டுது. வெறும் தண்ணியே குடு."

வியர்வையோடு உப்பும் போகும், வெறும் தண்ணீராக ஊற்றினால் உடம்பு வீங்கிப் புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாந்தி எடுக்காமல் முடித்துத் தொலைத்தால் போதும், கடலைப் பார்த்துவிடலாம் என்ற அவசரம் அவளுக்கு. "சரி, உங்க இஷ்டம்" என்றாள்.

பந்தயம் ஒரு ஏரியைச் சுற்றி. சுற்றிச் சுற்றி அதே பாதையில்தான் ஓடணும். பாதையில் இரண்டு வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். தண்ணீர் கொடுப்பதும் தொடுவதும் அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில்தான். கோட்டைத் தாண்டிப் போய்த் தொட்டால், கோட்டோரம் விசிலோடு உட்கார்ந்திருக்கிற நடுவர் பெண் ஓடுகிறவரின் நெஞ்சில் குத்தியிருக்கிற நம்பர்ச் சீட்டைக் கிழித்துவிடுவாள், அவ்வளவுதான் பந்தயம். "நான் செத்தாலும் கோட்டைத் தாண்டாதே, நானே கூப்பிட்டாலும் வராதே" என்று கிளம்பும்போதே சொல்லித்தான் கூட்டிவந்தார். ஆக, ஏரியைச் சுற்றி அவர், கோட்டுக்குள் இவள். வெயில் மண்டையைப் பிளந்தது. அவர் வருவார், காலி பாட்டிலைக் கொடுப்பார், நிரம்பினதை வாங்குவார், போவார். முந்தின வருஷங்களைவிட நிறையக் குடித்தார். வாந்தி இல்லை. அவளுக்கு உள்ளுக்குள்ளே ஒரே சந்தோஷம்.

இன்னும் இரண்டே சுற்று. அவர் வந்து கையை நீட்டினபோது மோதிரத்தைப் பார்த்தாள். ஓட ஓட இளைத்து, மோதிரம் கழன்று விழப்போகிறது என்று அவளிடம் கழற்றிக் கொடுக்கிறவர். இன்றைக்கு அது வீங்கின விரலுக்குள் புதைந்து கிடந்தது. முகமும் உப்பலாக இருந்தது.

"தலை வலிக்குது" என்றார். பிறகு அவளை உற்றுப் பார்த்து, "நீ எப்ப வந்தே?" என்றார்.

காலையிலிருந்து அவள் கையால்தான் குடித்துக்கொண்டிருக்கிறார். அவள் பிடிப்பதற்குள் இரண்டு பாட்டிலையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். கோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தள்ளாடி, விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்று, தலையைக் குனிந்து உறிஞ்ச ஆரம்பித்தார்.

"குடிக்காதீங்க! ஐயோ, குடிக்காதீங்க!"

அவர் காதில் விழவில்லை. நடுவர் பெண் எழுந்துவிட்டாள். "அக்கா, தாண்டினா அவர் நம்பர் போயிடும்."

"டாக்டரைக் கூப்பிடும்மா!"

"கூப்பிடறேன், வரட்டும். அதுவரைக்கும் உள்ள நில்லுங்க."

அவள் கால் கோட்டின்மேல் நின்றது. இரண்டு சுற்றுதானே, நடந்தாவது முடித்துவிட மாட்டாரா என்று ஒரு நினைப்பு வந்தது. பரணில் ஷூ, அக்கா வீடு, கடல், எல்லாம் வந்தது. அப்படி நினைத்த தன்னை நினைத்து அவளுக்கே உடம்பு கூசியது. அடுத்த நிமிஷம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பஸ்ஸுக்குக்கூட ஓடாதவள், விசில் சத்தம் முதுகில் அடிக்க அடிக்க ஓடினாள். வாயிலிருந்த பாட்டிலைப் பிடுங்கித் தரையில் ஊற்றினாள். "தண்ணி குடுடி!" என்று அவர் அவளை அடிக்கக் கையை ஓங்கினார். இத்தனை வருஷமாகக் குடிங்க குடிங்க என்று நீட்டின கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, தான் தைத்த பையிலிருந்தே மற்றதையும் உருவி எறிந்தாள். டாக்டர் வண்டி வருகிறவரைக்கும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். ஊசி வழியாக உப்பு ஏற்றினார்கள். மறுநாள்தான் அவருக்குத் தெளிந்தது.

"எத்தனை சுத்து பாக்கி இருந்துச்சு?"

"ரெண்டு."

திட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "நல்லவேளை, நீ கோட்டைத் தாண்டி வந்தே" என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் மறக்காம உப்புப் போட்டே குடுத்துடு" என்றார் அவர், அதே அன்போடு.

அந்நேரம் பார்த்துப் போன் அடித்தது. அக்கா. எப்படி இருக்கார் என்று கேட்டாள். பிழைச்சுட்டார்க்கா என்றாள் இவள்.

"அப்பாடா! அப்ப நீ இங்க எப்ப வர்றே?"

கட்டில் கம்பியில் அந்தச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. யாரோ பொறுக்கிக் கொண்டுவந்து பாட்டிலைத் திரும்பப் பையில் செருகியிருந்தார்கள். வாடை அடித்தது.

"பாட்டில் கழுவணும்க்கா" என்றாள். "அப்புறமா பேசறேன்."