கண்ணை மூடிக்கொண்டு பேசியவர்

தேனியில் மதுரை பஸ் ஏறியபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தார். என் காலடியில் சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோகும் திராட்சைப் பெட்டி. எங்கள் ஓடைப்பட்டித் தோட்டத்தின் முதல் வெட்டு; ஒரு கொத்து குறைந்தாலும் பேச்சாகிவிடும். அவர் பெட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் திறக்கவே இல்லை. ஆனால் பேசினார்.

பட்டாளத்தில் லடாக்கில் இருந்தாராம்.

“அங்கன பூனைத் தண்டிக்கு ஒரு அணில் இருக்குண்ணே. பனிக்காலம் பூரா வளைக்குள்ள செத்த மாதிரி கிடக்கும். உடம்பே சில்லிட்டுப் போகும். கோடையில தின்னு சேத்த கொழுப்புதான் சாப்பாடு.”

“அது எப்படிப் பத்தும்?” கதை விடுகிறார் என்றே நினைத்தேன்.

“தூங்குறதுக்குச் செலவு கம்மிண்ணே. நடுநடுவுல முழிக்கும் பாருங்க, அப்ப உடம்பைத் திரும்பச் சூடாக்கணும்ல? அதுலதான் கொழுப்பு பூரா கரையும்.”

பெட்டியைக் காலால் இழுத்து அணைத்துக்கொண்டு நானும் தூங்குவதுபோல் கண்ணை மூடினேன். அடிக்கடி லேசாகத் திறந்து அவர் கையைப் பார்த்தேன். அது மடியிலேயே கிடந்தது.

ஆண்டிபட்டி தாண்டியதும், கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “இத்தனை தரம் முழிச்சா அந்த அணிலு பனி முடியமுன்ன செத்துப்போகும்ணே. நிம்மதியாத் தூங்குங்க. பெட்டியை நான் பாத்துக்கிறேன்.”

உசிலம்பட்டியில் இறங்கிப் போனார். பெட்டியில் ஒரு கொத்தும் குறையவில்லை. ஆனாலும் அவர்மேல் இருந்த சந்தேகம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. மூடிய கண்ணுக்கு நான் முழித்ததெல்லாம் எப்படித் தெரிந்தது?