கழுவிய சினைக்கு மீன் வராது

போன ஞாயிறு என் வீட்டில் விருந்து. இங்கே ஜெர்மனியிலேயே பீலெஃபெல்ட் நகரில் இருந்து சம்பந்தி வந்திருந்தார் — மகளின் மாமனார். அதற்கு முந்திய கிழமையே தொலைபேசியில் வாக்குக் கொடுத்துவிட்டேன்: "நான் பிடிச்ச மீனிலதான் உங்களுக்குச் சாப்பாடு."

"அப்பிடியெண்டா அண்ணை, நான் எதுக்கும் வீட்டில கொஞ்சம் சாப்பிட்டிட்டு வாறன்!"

விடுவேனா? எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். கோப்பை கழுவத் தொடங்கி இரண்டு உணவகங்களுக்கு முதலாளியானவன். மீன்பிடி லைசென்ஸ் சோதனையை ஜெர்மன் மொழியில் ஒரே தடவையில் பாஸ் பண்ணியவன். சம்பந்தியின் எஞ்சினியர் மகன் இரண்டாம் தடவைதான்!

நான் குறிவைத்தது ஸ்டீல்ஹெட். கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் ஒரு ட்ரௌட் மீன். அதற்கு மீன் முட்டைதான் நல்ல இரை என்றார் பக்கத்து வீட்டு ஹெல்கா. தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தான் பிடித்த மீனின் சினையையும் தந்து, "உப்பு, சீனி போட்டு..." என்று தொடங்கினார்.

"தெரியும், தெரியும்" என்றேன். யாழ்ப்பாணத்தானுக்கா மீனுக்கு உப்புப் போடச் சொல்லித் தருவது?

சினையைப் பார்த்த மனைவி கண் கலங்காத குறை. "இஞ்சேருங்கோ, பொரிச்சா ரெண்டு பேருக்குக் காணும். இதைப் போய் மீனுக்குக் குடுக்கப் போறியளே?"

"ஓமப்பா. ஒண்டைக் குடுத்துப் பத்துப் பிடிக்கப் போறன்."

மஞ்சள் போட்டு, தேசிக்காய் பிழிந்து, மூன்று தண்ணீரில் கழுவினேன். மீன் நாற்றம், அந்த வெடுக்குப் போக வேண்டாமா? பிறகுதான் உப்பும் சீனியும். மறுநாள் பார்த்தால்... முட்டையெல்லாம் வெளிறி, றப்பர் மாதிரி.

வியாழக்கிழமை முழுக்க ஆற்றங்கரையில் நின்றேன். மிதவை அசையவே இல்லை. பத்து மீட்டர் தள்ளி நின்ற ஹெல்கா இரண்டு பிடித்துவிட்டு வந்து, என் இரையை மணந்து பார்த்தார்.

"இது என்ன, எலுமிச்சை கேக்கா?"

கழுவியதைச் சொன்னேன். தலையில் கை வைத்தார். "தண்ணீரே படக் கூடாது! அந்த மணத்துக்குத்தானே மீன் வருகிறது? நீ அதைக் குழாயோடு விட்டுவிட்டாய்!"

யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் ஏறுமுன் ஜாக்கெட்டில் தாளித்த மணம் இருக்கிறதா என்று மணந்து பார்க்கிறவர்கள் நாங்கள். இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டுக் கழுவிக்கொண்டேதான் இருக்கிறோம். மீனுக்கோ வெடுக்குத்தான் அழைப்பிதழ்!

இன்னொரு சினை கேட்டேன். முதலாளியான பிறகு நான் யாரிடமும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. இம்முறை வாயை மூடிக்கொண்டு அவர் சொன்னபடி செய்தேன். கழுவாமல், கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி, உப்பும் சீனியும் தூவிப் போத்தலில் அடைத்தேன். முதலில் நீர் விட்டது. பிறகு அந்த நீரை முட்டைகளே திரும்பக் குடித்து, செம்மஞ்சளாக மினுங்கின. குளிர்ப்பெட்டி நாறியது. மனைவி பாலை எடுத்து பால்கனியில் வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் மிதவை மறைந்தது. நல்ல ஸ்டீல்ஹெட்... ஆனால் ஒன்றே ஒன்று.

ஞாயிறு மேசையில் எட்டுப் பேர். மனைவி அந்த ஒன்றையும் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைத்தாள். மீனைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தலையைச் சம்பந்தியின் தட்டில் வைத்தேன். ஒரு முள் விடாமல் உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "அண்ணை பிடிச்சதுதான், நம்புறன். கடையில எண்டா இன்னும் ரெண்டு வாங்கியிருப்பியள்!"

மீன் தருவதாக வாக்குக் கொடுங்கள், தப்பில்லை — எத்தனை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.