ஒருநாளும் விழாத சறுக்குக்காரன்

எண்பதுகளின் கடைசியில் லண்டன் நடுவில் ஒரு கடையில் எனக்கு வேலை கிடைத்தது. பனிமலையில் சறுக்கப் போகிறவர்களுக்குப் பலகை, கோல், சப்பாத்து எல்லாம் விற்கும் கடை. எனக்கு நிலக்கீழ் அறையில் வேலை. சப்பாத்துப் பெட்டிகளை அளவுப்படி அடுக்கி வைப்பேன். மேலே கேட்டால் எடுத்துப் படியில் கொண்டுபோய் வைப்பேன். அறைக்கு யன்னல் இல்லை. பனிக்காலத்தில் இருட்டோடு இறங்கி இருட்டோடு ஏறுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன், நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன், அந்த இடம் எனக்குத் தோதாகத்தான் இருந்தது. மட்டைத் தூசியால் வந்த இருமலை மட்டும் தாங்க முடியவில்லை.

அறையைப் பூட்டும் திறப்பு என் காற்சட்டைப் பையில் இருக்கும். முதலாளி மறதிக்காரர். தினமும் காலையில் படித் தலைப்பில் நின்று "கீ?" என்று கேட்பார். நான் பையைத் தட்டி "யெஸ், சேர்" என்பேன். எங்கள் இருவருக்கும் நடுவில் வேறு பேச்சு அதிகம் கிடையாது.

ஒரு டிசம்பரில் அவர் பாதிப் படி இறங்கி வந்து ஏதோ கேட்டார். "யூ கீ?" என்றுதான் என் காதில் விழுந்தது. பையைத் தட்டி யெஸ் என்றேன். அவர் புருவத்தை உயர்த்தி, எவ்வளவு காலமாக என்று கேட்டார். "டூ இயர்ஸ், சேர்." நன்றாகவா என்றார். திறப்பைத் தவறவிட்டதுண்டா என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, "நெவர் ஃபோல், சேர்" என்றேன். விழுத்தியதில்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதுதான். அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு மேலே போனார்.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு ஒரு நீலச் சுவெட்டரைத் தந்தார். திறப்பைத் திருப்பிக் கேட்கவில்லை. வருகிறவர்களுக்குக் கால் அளந்து சப்பாத்துப் போட்டுவிடும் ஆள் வேலையை விட்டுப் போயிருந்தான். கடையில் நின்ற மற்றவர்களிடம் என்னைக் காட்டி, "இவர் இரண்டு வருடமாக ஸ்கீ செய்கிறார், ஒருநாளும் விழுந்ததில்லை" என்றார். சொல்லின் தலையில் இருந்த 'ஸ்' அப்போதுதான் என் காதில் ஏறியது. ஒருவன், காஷ்மீரிலா என்று கேட்டான். அந்த இடத்திலேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். எல்லோரும் சிரித்தார்கள் என்று நானும் சிரித்தேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"நீங்கள் பனியிலை சறுக்கினதை நானும் கண்டிருக்கிறன். ஈஸ்ட் ஹாம் ஸ்டேசன் வாசலிலை, முட்டைப் பெட்டியோடை."

"பகிடி விடாதையும். நாளைக்குச் சொல்லிப்போடுவன்."

"சொல்லிப்போட்டு? திரும்பவும் கீழை போய் இருமவோ? இஞ்சாருங்கோ, வாயைப் பொத்திக்கொண்டு நில்லுங்கோ. உங்களுக்கு அதுதானே நல்லா வரும்."

மறுநாளும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாள் சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. ஒரு கிழமை போனபின், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டியதாயிற்று.

முழங்காலில் இருந்து வேலை செய்தேன். அது ஒருவகையில் வசதி. வந்தவர்களின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. விலைப்புத்தகங்களை வாசிக்க எனக்கு ஏலாது. ஆகவே காலையும் சப்பாத்தையும் பார்த்தேன். மலையிலிருந்து திரும்பி வந்து குறை சொல்கிறவர்களைக் கவனமாகக் கேட்டேன். கம்பியில் தொங்கி மலைக்கு ஏற்றிவிடும் லிப்டில் போய்ச் சறுக்கிவரும் இடங்களுக்குச் சப்பாத்து கனமாக, விறைப்பாக இருக்க வேண்டும். லிப்ட் இல்லாத மலையில் காலாலேயே ஏறி இறங்குகிறவர்களுக்கு வேறு சப்பாத்து. பாரம் குறைவு, அடியில் ரப்பர், குதிக்குப் பின்னால் ஒரு சின்ன நெம்புகோல். அதை உயர்த்தினால் கணுக்கால் முன்னும் பின்னும் ஆடும், நடக்கலாம். இறக்கினால் பூட்டிவிடும், சறுக்கலாம். இரண்டுக்கும் ஒரே சோடி கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம் சங்கடப்பட்டார்கள்.

ஒவ்வொரு மார்ச்சிலும் கடைக்காரர்கள் எல்லோரும் ஒரு கிழமை பிரான்சுக்குச் சறுக்கப் போவார்கள். முதல் வருடம் எனக்கு முழங்கால் நோவு என்றேன். அடுத்த வருடம் மனைவிக்குப் பிள்ளைப்பேறு, அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மூன்றாம் வருடம் என் பிரயாணப் பத்திரம் ஹோம் ஒபிசில் கிடந்தது. அது ஒன்றுதான் முழு உண்மை. அதைத்தான் முதலாளி நம்பவில்லை. "உன்னை ஒருநாள் மலையில் பார்க்கத்தான் போகிறேன்" என்றார். ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு வருடம் தப்பினேன் என்று மூச்சு விடுவேன். ஒக்டோபர் வந்தால் மறுபடி காரணம் தேடத் தொடங்குவேன்.

அந்த மூன்றாம் வருடம் நவம்பரில், ஒரு சனிக்கிழமை, ஒரு தமிழ்ப் பெண் வந்தாள். ஆஸ்பத்திரியில் டொக்டர். நான் குனிந்து அவளுடைய காலை அளந்துகொண்டிருந்தேன்.

"நீங்கள் தமிழோ, அண்ணை?"

"ஓம்."

"அப்பாடா. அங்கை நிக்கிறவர் எதைக் காட்டினாலும் நல்லது நல்லது எண்டுறார். நீங்கள் எனக்குப் பொய் சொல்ல மாட்டியள்தானே?"

அங்கே நின்றவர் முதலாளி. நாலடி தள்ளி, ஒரு பலகையைத் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

அவள் கூட வேலை செய்கிறவர்களோடு போகிறாள். மூன்று நாள் லிப்டில் ஏறிச் சறுக்குவது, பிறகு இரண்டு நாள் ஆளில்லாத மலையில் நடந்து ஏறி இறங்குவது. ஒரே சோடிதான் வாங்குவாள். நான் மூன்று சோடியை முன்னால் வைத்தேன்.

"நீங்களெண்டால் எதைப் போடுவியள், அண்ணை? கீழை வரேக்கை கால் கழண்டு கிழண்டு போனால் அங்கை தூக்க ஆளில்லையாம்."

எத்தனையோ பேர் இதே கேள்வியை இங்கிலீஷில் கேட்டிருக்கிறார்கள். நடுவில் இருப்பதைத் தொட்டுக் காட்டிவிடுவேன். அன்று கை எழவில்லை. அவளுடைய குதி என் உள்ளங்கையில் இருந்தது.

"பிள்ளை, ஒண்டு சொல்லுறன். முகத்தை மாத்தாமல் சப்பாத்தைப் பாத்துக்கொண்டே கேளுங்கோ. எனக்கு ஸ்கீ தெரியாது."

"என்ன?"

"பனிமலையைப் படத்திலைதான் கண்டிருக்கிறன். அவர் ஸ்கீயோ எண்டு கேட்டார். நான் கீயாக்கும் எண்டு நினைச்சு ஓமெண்டுட்டன்." பையிலிருந்து திறப்பை எடுத்துக் காட்டினேன். "இந்தக் கீ."

அவள் உதட்டைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ அண்ணை! எவ்வளவு காலமா?"

"மூண்டு வருசம்."

"அப்ப நான் எழும்பிப் போறதோ?"

"போனாலும் பிழையில்லை. ஆனால் போய்வந்த ஆக்கள் சொன்னது எனக்குத் தெரியும், அதைச் சொல்லுறன். இந்தப் பாரமானதிலை ஏறி நடந்தவைக்குக் குதித்தோல் உரிஞ்சுபோட்டுது. இந்த லேசானதோடை இறுகின பனியிலை இறங்கினவை, கால் உள்ளுக்கை ஆடினது எண்டு திருப்பிக் கொண்டுவந்தவை. நடுவிலை இருக்கிறதுதான் உங்களுக்கு. ஆனால் நீங்கள் கேட்ட அளவு வேண்டாம், ஒண்டு குறைய எடுங்கோ. உள் மெத்தை நாலு நாளிலை அமுங்கும். நிமிந்து நிண்டால் பெருவிரல் முன்னுக்கு முட்டவேணும், முழங்காலை மடிச்சால் விலகவேணும். வீட்டிலை போட்டுக்கொண்டு படியேறிப் பாருங்கோ. மற்றதை அந்த மலைக்குப் போய்வந்த ஒராளைக் கேளுங்கோ, என்னைக் கேளாதேங்கோ."

அவள் அதையே போட்டாள். நெம்புகோலை உயர்த்திவிட்டு நிலக்கீழ் அறைப் படியில் மூன்று தரம் ஏறி இறங்கினாள். பிறகு கழற்றி, வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது வாசலில் நின்று, "திறப்பு கவனம், அண்ணை" என்றாள். தமிழில்தான் சொன்னாள். மூன்று வருடத்தில் அன்றுதான் இலேசாக மூச்சு விட்டேன்.

கதவு சாத்தியதும் முதலாளி பக்கத்தில் வந்தார்.

"உங்கள் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்கீ என்றாய், கீ என்றாய். பிறகு என் திறப்பை எடுத்துக் காட்டினாய். ஏன்?"

தமிழுக்குள் ஒளிந்து நின்றேன் என்று நினைத்திருந்தேன். அந்த இரண்டு சொல்லும் அவருடையவை.

வேறு பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. திறப்பை அவருடைய கையில் வைத்தேன். எனக்கு வந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பக் கீழே போகிறேன் என்றும் சொன்னேன். சொல்லும்போதே உடம்பு பாரமில்லாமல் போனது. இருமலுக்குக்கூட ஆயத்தமாகிவிட்டேன்.

அவர் திறப்பைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. பிறகு அதை என் பையிலேயே திரும்பப் போட்டார்.

"இதை இனி ஒருவருக்கும் சொல்லாதே" என்றார். "ஆட்கள் உன்னைத் தேடித்தான் வருகிறார்கள்."

நான் வாயெடுத்தேன். அவர் பலகையைத் துடைக்கப் போய்விட்டார்.

அடுத்த கிழமை ஒரு படக்காரனைக் கூட்டி வந்தார். எனக்கு ஒரு சிவப்பு ஜாக்கெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் சறுக்குச் சப்பாத்தையும் மாட்டி, மலைப் படத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். பெரிதாக்கிக் கடைக் கண்ணாடிக்குள் வைத்தார்கள். கீழே என்ன எழுதியிருந்தது என்று நான் எவரிடமும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மார்ச்சில் என்னைப் பிரான்சுக்குக் கூப்பிடவில்லை. போகாததற்கான காரணத்தை முதலாளியே மற்றவர்களுக்குச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் ஒவ்வொன்று.

மனைவி பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்க்க ஈஸ்ட் ஹாமிலிருந்து வந்தாள். நான் உள்ளே ஒருவருடைய காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடிக்கு வெளியே நின்று படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

பின்னேரம் வீட்டில் கேட்டாள்: "படத்திலை ஏன் உங்கடை முகம் அப்பிடி இருக்கு?"

"சப்பாத்து ஒரு அளவு சின்னன்" என்றேன்.