ஜெரிசனின் காது

"இன்னொருக்கா 'அம்மா' எண்டு சொல்லு, குஞ்சு."

கண்ணை மூடி, தலையைச் சரித்து, தொண்டைக் கிளினிக் வாங்கில் பக்கத்திலிருக்கும் யாரோ ஒருத்தியின் பிள்ளையிடம் கேட்கிறான் ஜெரிசன். பிள்ளை கரகரத்துச் சொல்கிறது. அவன் கண்ணைத் திறக்கிறான். "உது பெரிசா ஒண்டுமில்லை, அக்கா. இன்னும் ரெண்டுதரம் வழிச்சால் சரி. பிறகு முளையாது." தாயின் முகம் தெளிகிறது. அவன் மகளைக் காட்ட நான் துணைக்குப் போன அன்று மாத்திரம் மூன்று பிள்ளைகளுக்குப் பலன் சொன்னான்.

குருநகரில் படகு எஞ்சின் திருத்துகிறவன் அவன். சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவான் என்பது ஊர்ப்பேச்சு. எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வாய் திறப்பதில்லை. அந்தப் பழக்கம் அவனிடம் இல்லை.

அவனுடைய மகள் ஷெறினுக்கு நாலு வயது. குரல்நாணில் சதைமுளை. மயக்கி வழித்தெடுத்தாலும் திரும்ப முளைக்கிறது. எந்தப் பிள்ளைக்கு அடங்கும், எந்தப் பிள்ளைக்கு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். சின்ன வயதிலேயே தொடங்கினால் கூடுதலாகப் பயப்பட வேண்டும், அவ்வளவுதான். வைத்தியரும் அதைத்தான் சொன்னார்.

"இவ்வளவு படிச்ச மனிசன், தெரியாதாம்!" வாங்கு முழுவதற்கும் கேட்கச் சிரித்தான் ஜெரிசன்.

போன கிழமை ஷெறினின் குரல் கொஞ்சம் தெளிந்தது. உடனே தீர்ப்பு வந்தது: "மிசின் கிளியர். இனிக் கிளினிக் தேவையில்லை." பிள்ளைகள் வார்டில் தாதியாக இருந்தவள் என்று அவன் மனைவி ஜெசிதா என்னைக் கூப்பிட்டாள். போனேன். பிள்ளை பாயில் நித்திரை.

"குரலைக் கேட்டியளெண்டால், அன்ரி! மணி மாதிரி!"

"நித்திரை கொள்ளுற பிள்ளை பாட்டே பாடும்? காதை மூடிப்போட்டுக் கண்ணாலை பார், தம்பி."

ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே இழுபட்டது. விலா இடுக்குகளும் அப்படியே. குரல் தெளிந்திருக்கும்போதே கீழே மூச்சுவழி அடைபடலாம்.

"சளியாயிருக்கும்."

"அப்ப ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சளியெண்டு கேட்டுக்கொண்டு வா."

ஜெசிதா அதற்குள் ஓட்டோ பிடித்துவிட்டாள். "நீங்கள் வந்தால் வாங்கோ, இல்லாட்டி நான் போறன்" என்று பிள்ளைக்குக் கை நீட்டினாள்.

ஜெரிசன் மகளைத் தூக்கினான். இழுபடும் அந்தக் குழியை ஒருமுறை பார்த்தான். அது தெரியாதபடி சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டுத்தான் பிள்ளையைக் கொடுத்தான்.