சீட்டில் விழாத ரத்தம்

என் மச்சினன் செல்வத்தின் இடது காதைச் செவிடாக்கியவன் நான்தான். அவன் செய்யாத தவறுக்காக அடித்தேன். தவறு என்னுடையது... அவனுடைய அக்காளான என் மனைவிக்குக்கூட இது தெரியாது. உங்களிடம் சொல்கிறேன்.

நான் யார் தெரியுமா? ஐந்தாவதோடு நின்றவன். ஆனால் கொடைக்கானலில் கார்க் கண்ணாடிக்கு சன் ஃபிலிம் ஒட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது! ஒரு குமிழி இருக்காது. இந்த வயதிலும் இருக்காது!

ஃபிலிம் ஒட்டச் சோப்புத் தண்ணீரைக் கண்ணாடி முழுக்க அடிக்க வேண்டும். அது வழிந்து டேஷ்போர்டுக்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் கரண்டு சாமானெல்லாம் போச்சு. அதனால் முதலில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, ஓரத்தில் டேப் ஒட்டி, மேலே தடித்த டவலைப் போட்டு மூடுவோம். அது செல்வத்தின் வேலை. அன்றும் ஒழுங்காகவே மூடியிருந்தான். என் கண்ணால் பார்த்தேன்!

பழனியில் பூஜை போட்டு நேராக மலையேறி வந்த புது வண்டி அது. டேஷ்போர்டு நடுவில் சந்தனம் காயாத சின்ன முருகன் சிலை. அதன் தலையோடு சேர்த்து மூடிக் கிடந்தது எங்கள் அழுக்கு டவல். சாமி முகத்தில் சோப்புத் துணியா? மனசு பொறுக்கவில்லை. செல்வம் டீ வாங்கப் போயிருந்தான். வண்டிக்காரர் ரோட்டோரம் போனில் இருந்தார். டவலையும் ஷீட்டையும் பிய்த்துக் கீழே தள்ளிவிட்டுத் தண்ணீர் அடித்தேன். என் கையில் சொட்டுச் சிந்துமா என்ன... அப்படியொரு திமிர்!

சிந்தியது. வண்டிக்காரர் சாவி போட்டதும் டேஷ்போர்டுத் திரை மின்னி அணைந்தது. கருகல் வாடை.

“யோவ் பெருசு! புது வண்டிய்யா! கையால ஒட்டுனியா, காலால ஒட்டுனியா?”

கூட்டம் சேர்ந்துவிட்டது. என்னையா ஒருவன் இப்படிக் கேட்பது! டீயோடு வந்த செல்வத்தின் பக்கம் திரும்பினேன்.

“ஏலே, டேப்ப ஒழுங்கா ஒட்டுனியாலே? எங்க கெடக்கு பாரு!”

“ஒட்டுனேனே மாமா... நீங்களுந்தான பாத்தீங்க?”

குனிந்து வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். ஃபிலிமைச் சூடாக்கும் ஹீட் கன் என் கையில் கொதித்துக்கொண்டிருந்தது. அதாலேயே அவன் இடது காதோடு சேர்த்து ஓங்கி அடித்தேன். தோல் பொசுங்கியது. ரத்தம் கொப்பளித்தது.

புது சீட்டில் விழுந்துவிடக் கூடாதே! சத்தியமாக அதுதான் தோன்றியது எனக்கு... சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து, ரோட்டில் தள்ளி, மிதித்தேன். மீண்டும் மிதித்தேன். அவன் பதிலுக்குக் கை ஓங்கவேயில்லை. அக்காள் புருஷன் அல்லவா!

சீட்டில் ஒரு பொட்டு இல்லை. எப்பேர்ப்பட்ட தொழில்காரன் நான்!

இப்போது அவன் பேத்துப்பாறையில் பூண்டுக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறான். உண்மையைச் சொல்லிவிடத்தான் போன வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

“அன்னைக்கு அடிச்ச பனியில டேப்பு விட்டுப்போச்சு போல மாமா. நான் இன்னொருக்கா பாத்துருக்கணும். ஒங்க பேரக் கெடுத்துட்டேன்.”

அவன் மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லியிருக்கலாம்... ஒரே வார்த்தை!

“விடுலே,” என்றேன். “நான் அத அப்பவே மன்னிச்சுட்டேன்.”

அவன் கை கூப்பினான். நான் அதையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.